இரண்டு ஊர்களில் ஆடிய தரை

அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும் சத்தம்... தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பூமிக்கடியில், சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே எங்கள் லைன் வீடுகள் ஆடும். ராக் பர்ஸ்ட் என்போம். அடுத்த நிமிஷம் பெண்கள் எல்லாரும் தெருவில் இருப்பார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்த்து நிற்பார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்வரை அப்படியே...

என் அப்பா ஒவ்வொரு முறையும் மேலே வந்துவிட்டார். ஆனால் தரை ஆடினால் வெளியே ஓடும் பழக்கம் என் உடம்பில் தங்கிவிட்டது.

நர்ஸ் வேலைக்கு நான் இங்கிலாந்து போனது கல்யாணமான புதிதில். வடக்கே ஒரு சின்ன ஊர். பழைய நிலக்கரி ஊர். சுரங்கத்தை மூடி ரொம்ப வருஷம். வரிசையாக ஒட்டி ஒட்டிச் செங்கல் வீடுகள். என் கணவர் சேகர் இறங்கிப் பார்த்தவுடன் சொன்னார்.

"இன்னாம்மா இது... நம்ம ஊரிகத்து லைனைத் தூக்கினு வந்து குளிர்ல வெச்சா மாதிரி கீது!"

ஒரு மத்தியானம் சமையலறையில் நிற்கிறேன். பாதத்துக்கு அடியில் லேசாக ஓர் அதிர்வு. தட்டுகள் உரசின. என்னை அறியாமல் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

தெருவே அமைதி. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, ஒன்றைத் தவிர. பக்கத்து வீட்டு மோரீன், அறுபது வயதிருக்கும், கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு வாசலில் நின்றாள். ஊருக்கு வெளியே, முன்பு சுரங்கம் இருந்த பக்கம் பார்த்தபடி. அங்கே இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்தான் இருக்கிறது.

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். "உங்க ஊர்லயும் சுரங்கமா?" என்று மட்டும் கேட்டாள். (அவள் இங்கிலீஷை நம்ம பாஷையில் எழுதுகிறேன்.)

"ஆமா."

"என் அண்ணன் இன்னும் கீழதான் இருக்கான். எடுக்க முடியல. அந்தப் பக்கத்தை அப்படியே மூடிட்டாங்க."

வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. செய்தியிலும் வரவில்லை. "லாரி போயிருக்கும்மா" என்றார் சேகர். நானும் மோரீனும் அன்றிலிருந்து சிநேகிதிகள்.

சில வருஷம் கழித்து சேகருக்கு லண்டனில் வேலை கிடைத்தது. வீடு ஒரு பெரிய கட்டடத்தில் ஏழாவது மாடி. கீழே மண்ணுக்குள் ட்யூப் ரயில் ஓடும். அது போகும்போதெல்லாம் தரை நடுங்கும். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் வராந்தாவுக்கு ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு போனைப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். அது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பராமரிப்பு வேலை என்று அன்று ரயிலே கிடையாது. ஆனால் தட்டுகள் நடுங்கின.

இது ரயில் அதிர்வு இல்லை. எனக்குத் தெரியும். வெளியே ஓடினேன். நீளமான வராந்தா, சாத்திய கதவுகள். பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். "எங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. இதை நம்பக்கூடியவள் ஒருத்திதான். மோரீனுக்கு போன் போட்டேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்: "நீயும் வெளிய வந்துட்டியா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் வாசல்லதான் நிக்கிறேன். துணி... கைல நிக்கல... விழுந்து..." வார்த்தைகள் குழற ஆரம்பித்தன. நர்ஸ் அல்லவா, எனக்குப் புரிந்துவிட்டது. பக்கவாதம்.

"இன்னாங்க! ஆம்புலன்ஸ் கூப்புடுங்க! அவங்க எதிர்க்கடை டேவிட்டுக்கும் போடுங்க, சீக்கிரம்!" என்று உள்ளே இருந்த சேகரிடம் கத்தினேன். நான் மோரீனிடம் பேசுவதை நிறுத்தவில்லை.

எல்லாம் எனக்குப் போனிலேயே கேட்டது. கடைக்கதவின் மணி. டேவிட் ஓடிவரும் காலடி. "மோரீன், நான் வந்துட்டேன், உக்காரு." பிறகு ஒரு கதவு திறக்கும் சத்தம், இன்னொன்று, இன்னொன்று. யாரோ போர்வை கேட்டார்கள். அந்தத் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

நான் நின்ற வராந்தாவில், எதிர்க்கதவின் பார்வைத் துளை ஒரு கணம் இருண்டது. யாரோ உள்ளிருந்து பார்த்தார்கள். மறுபடி வெளிச்சமானது. கதவு திறக்கவில்லை.

மோரீன் பிழைத்துக்கொண்டாள். இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது கேட்டாள்.

"அன்னைக்கு எதுக்கு எனக்கு போன் பண்ணே?"

"தரை ஆடுச்சே மோரீன்... நீயும் வெளிய வந்துட்டியான்னு நீதானே கேட்டே?"

"இல்லையே. ஒண்ணும் ஆடலையே. உன் போன் அடிச்சப்புறம்தான் நான் எழுந்தே வந்தேன்."

சேகரும் அன்று சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் எது ஆடியது? இன்றுவரை தெரியாது. ட்யூப் ரயில் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இப்போது சாம்பியன் ரீப்ஸுக்கே திரும்பிவிட்டோம். இங்கேயும் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்று பெங்களூருதான் லண்டன். விடியற்காலை ட்ரெயினில் பாதி ஊர் போய்விடும். மீதியில் பாதி அங்கேயே குடிபோய்விட்டது. அங்கே ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

போன வாரம் சேகர் பெங்களூரு போயிருந்த நாளில் எனக்குக் காய்ச்சல். தூங்கிவிட்டேன். கண் விழித்தால் ஜன்னலில் எதிர்வீட்டு லட்சுமியின் முகம்.

"இன்னாக்கா, இவ்ளோ நேரமாச்சு கதவே தெறக்கல? உயிரோட கீறீங்களா?"

"கீறேன், கீறேன்... வாங்க உள்ள" என்று சிரித்தபடி கதவைத் திறந்தேன்.

அவளுக்குப் பின்னால் பட்டப்பகலில், வரிசையாகப் பூட்டிய வீடுகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நின்ற லைன் அது. இன்று இந்த லைனில் விசாரிப்பதற்கு அவளுக்கு நான், எனக்கு அவள்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தவில்லை.