மூணு சுத்து பாக்கி

ஆதிமூலம் கலையரசனுக்குத் தர வேண்டியிருந்தது எண்ணூற்றைம்பது ரூபாய். மற்றதை நம்பாதவர்கள் இதையாவது நம்புவார்கள், அதனால்தான் முதலில் சொல்லி வைப்பது. இனி வருவதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அடி அண்ணாமலையில் இட்லி சுட்டு விற்ற தங்கம்மாள் பார்த்ததில் பாதிக்குச் சாட்சி. மீதிப் பாதிக்குக் கலையரசன் ஒருவன்தான் சாட்சி.

1993, சித்திரை மாதம். ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றுவது என்று அப்போதெல்லாம் ஒரு வேடிக்கை ஊர் ஊராக வரும். மைதானத்து நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் டியூப் லைட், ஒரு கடிகாரம், உச்சியில் ரேடியோக் குழாய் என்கிற ஒலிபெருக்கி. அதைச் சுற்றி ஒருத்தன் ராவும் பகலும் மிதித்துக்கொண்டே இருப்பான். தின்பது, குடிப்பது, தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொள்வது எல்லாம் சீட்டின் மேலேயே. கால் தரையில் பட்டால் ஆட்டம் போச்சு. பார்க்க வருகிற சனம் ரூபாய் நோட்டைக் குண்டூசியால் அவன் சட்டையில் குத்திவிட்டுப் போகும்.

கலையரசனுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். வயசு இருபத்து நாலு. ஒரு அம்மா, ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மழைக்கு முன்னால் விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க அந்த எண்ணூற்றைம்பதைத்தான் நம்பியிருந்தான். ஆதிமூலம் காண்ட்ராக்டர். மைக் பிடிப்பவனும் அவனே, வசூல் பார்ப்பவனும் அவனே. சட்டையில் குத்திய நோட்டைக் குண்டூசியோடு பிடுங்கிக்கொள்வான்.

பங்குனியில் போளூரில் முதல் ஆட்டம். அங்கே விசில் சத்தம் கேட்டதும் கால் தானாகப் பறந்தது. ஹேண்டிலில் காலைப் போட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டுகூட ஓட்டினான். ஆரணியில் இரண்டாவது. அங்கேயே ஏதோ விட்டுப்போயிற்று. மூன்றாவது அடி அண்ணாமலை. இன்னும் செங்கம், அவலூர்பேட்டை பாக்கி. சீசன் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் விசில் அடிப்பவர்களைப் பார்த்தால் அவனுக்கு எரிச்சல் வந்தது. கால் மிதித்தது. மனசு எப்போதோ இறங்கி ஊர்ப்பக்கம் நடந்துவிட்டது.

சைக்கிள் ஆதிமூலத்தினுடையது. பழசுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தான். ஹேண்டில் ஓயாமல் இடப்பக்கமே இழுத்தது.

"கோட்டம் எடுக்கலியாண்ணா? கை வலிக்குது."

"எடுத்தாச்சுடா. ஒன் கையிலதான் கோட்டம்."

"பெல்லு கூட இல்லியே."

"சுத்தி சுத்தி வர்றவனுக்கு பெல்லு எதுக்குடா? எதிர்ல லாரியா வருது? வலமா சுத்து. மலை பாத்த எடம்."

ரோட்டில் மலை சுற்றும் சனமும் வலமாகத்தான் போனது. சித்ரா பௌர்ணமி அன்று ஏழாம் நாள் வருகிற மாதிரி கணக்குப் பண்ணித்தான் ஆதிமூலம் அந்த இடத்தைப் பிடித்திருந்தான்.

தங்கம்மாள் கூடவே ஓடிவந்து இட்லியை வாயில் திணிப்பாள். "தம்பி, பொண்ணு பாக்கறதும் சைக்கிள் மேலயேவா? அவ கேரியர்ல குந்திக்கினு தாலி கட்டிக்கணுமா?" என்பாள். முதல் இரண்டு நாள் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

மூன்றாம் ராத்திரி, மணி 2.20. மைதானத்தில் யாரும் இல்லை. ஆதிமூலம் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டான். மைக் பெட்டி சாக்குப் போட்டு மூடியிருந்தது. குழாயில் கரகரவென்று ஒரு இரைச்சல் வந்தது. பிறகு ஒரு குரல். தொண்டை வறண்ட குரல்.

"மூணு சுத்து பாக்கி…"

தூக்கக் கலக்கம் என்று நினைத்தான். விடிந்ததும் கேட்டான்.

"நைட்டு மைக்ல பேசினியாண்ணா?"

"நைட்டுல மைக்ல பேசினா எவன் துட்டு குடுப்பான்?"

"மூணு சுத்து பாக்கின்னு கேட்டுதே."

ஆதிமூலம் டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அன்று பகல் முழுக்க அவன் மைக்கைத் தொடவே இல்லை.

நான்காம் ராத்திரி. மணி 2.20.

கிர்ர்ர்… மிதிக்காமல் உருளும் சைக்கிளின் சத்தம். கலையரசனுடையது இல்லை. அவன் மிதித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் எதிரிலிருந்து வந்தது. அவனுக்கு வலப்பக்கம், கம்பத்தை ஒட்டி, அவனைக் கடந்து பின்னால் போனது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. கடக்கும்போது முழங்கையில் ஈரக் காற்று பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தபின் பார்த்தான். புழுதியில் கம்பத்தைச் சுற்றி ஒரு கோடு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்த கோடு. தங்கம்மாளும் பார்த்தாள். "யாரு ஓட்டக் கொடத்துல தண்ணி எட்துனு போனது?" என்றாள். அங்கே இருந்தது இரண்டே பிளாஸ்டிக் குடம். இரண்டும் ஓட்டை இல்லாதவை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தொடை இரண்டும் மரக்கட்டை.

"அண்ணா, என்னால ஆவல. எறங்கிடறேன். வர வேண்டியத குடுத்துடு."

"எறங்கு. தாராளமா எறங்கு. எறங்கினா ஒத்த பைசா கெடையாது."

"மூணு ஊரு துட்டுண்ணா. மல்லாட்ட விதைக்கு வேணும்."

"பௌர்ணமி வரிக்கும் சுத்து. கலெக்‌ஷன் அன்னிக்குத்தான். அப்புறம் செங்கம், அவலூர்பேட்டை. சீசன் முடியட்டும், மொத்தமா வாங்கிக்க." போகிற போக்கில் சொன்னான். "காய்ச்சல்லாம் எனக்கு புதுசு இல்லடா. எத்தினி பேர பாத்துட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை கலையரசன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ராத்திரி முழுக்க அதையே மென்றான். கட்டிலில் கையைக் காலை விரித்து உறங்கும் ஆதிமூலத்தை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தான். மணி 2.15க்கு வாய்விட்டே சொன்னான்.

"நீயும் ஒரு நாள் இப்பிடி சுத்தணும்டா. சுத்தி சுத்தி வுழணும்."

குழாயில் கரகரவென்றது.

"மூணு சுத்து போதும்…"

மணி 2.20. கரண்ட் போனது.

டியூப் லைட் அணைந்தது. நிலா வெளிச்சம் மட்டும். கரண்ட் இல்லாத குழாய் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

கலையரசன் மிதிப்பதை நிறுத்தினான். ஐந்து நாளில் முதல் தடவையாகக் காலைத் தரையில் வைத்தான். புழுதி சில்லென்று ஈரமாக இருந்தது. எண்ணூற்றைம்பதும் போகட்டும் என்று சைக்கிளை விட்டுத் தள்ளி நின்றான்.

சைக்கிள் விழவில்லை.

ஆள் இல்லாமல் நின்றது. பிறகு ஹேண்டில் மெல்லத் திரும்பியது. இடப்பக்கம். பெடல் சுற்றியது.

இடமாகச் சுற்ற ஆரம்பித்தது.

கோயிலில் வலம். மலைக்கு வலம். இடமாகச் சுற்றுவது ஓரிடத்தில்தான்.

சுடுகாட்டில்.

கட்டில் கிறீச்சிட்டது. ஆதிமூலம் எழுந்தான். நடந்து வந்தான். சைக்கிளுக்குப் பின்னால் போனான். இடத் தோளைத் தூக்கிப் பிடித்திருந்தான். இடது கை எதையோ அணைத்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் தோள் பாரத்தில் அமுங்கியது.

"மூணு சுத்து பாக்கி…"

முதல் சுற்று.

ஆதிமூலத்தின் கண் திறந்திருந்தது. கலையரசனைப் பார்த்தது. "டேய்… எறக்குடா. கனக்குதுடா…"

போய்த் தாங்கியிருக்கலாம். கலையரசன் போகவில்லை. கால் வரவில்லையா, மனசு வரவில்லையா, அவனுக்கே தெரியாது.

டொக்.

கத்தி முனையால் மண்பானையைத் தட்டும் சத்தம். ஆதிமூலத்தின் முதுகில் தண்ணீர் வழிந்தது.

"ரெண்டு சுத்து பாக்கி…"

"தண்ணி… தண்ணி குடுடா…"

மேலெல்லாம் நனைந்து சொட்டியது. அப்படி நனைந்தவன் தண்ணீர் கேட்டான்.

டொக்.

"ஒரு சுத்து பாக்கி…"

இப்போது ஆதிமூலத்துக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

டொக்.

சைக்கிள் நின்றது. ஆதிமூலமும் நின்றான். கம்பத்துக்கு முதுகைக் காட்டி…

ட்ரிங்.

பெல் இல்லாத சைக்கிள்.

ட்ரிங்… ட்ரிங்…

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தான்.

பானை உடையும் சத்தம் கேட்டது.

காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வந்த தங்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். ஆதிமூலம் கம்பத்தடியில் குப்புறக் கிடந்தான். கலையரசன் பத்தடி தள்ளிப் புழுதியில் உட்கார்ந்திருந்தான். தரையில் டயர் தடம், அதன் மேலேயே வெறுங்கால் தடம். கம்பத்தை இடமாக மூன்று சுற்று. கருப்பாக ஐந்தாறு ஓட்டுச் சில்லு. மண்குடத்துச் சில்லு.

மாரடைப்பு என்றார் டாக்டர். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. பிணத்தைப் புரட்டிய ஆள் மட்டும் தங்கம்மாளிடம் தனியாக ஒன்று சொன்னான். சட்டை வேட்டி எல்லாம் பிழிகிற ஈரம். ஆனால் வாயைத் திறந்தால் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. நாலு நாள் தண்ணீர் காணாதவன் நாக்கு மாதிரி.

காரியம் முடிந்தபின் ஆதிமூலத்தின் சம்சாரம் திரௌபதி கலையரசனுக்கு ஆள் அனுப்பினாள். அவள் வீட்டில் மிச்சம் இருந்தது கடன்தான். "துட்டு எதுவும் இல்ல தம்பி. ஒனக்குத் தர வேண்டியதுக்கு இந்த சைக்கிள எட்துனு போ" என்றாள். அவனுக்கு அதைத் தொடவே பயம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தான். வழி நெடுக அது இடப்பக்கம் இழுத்தது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போரில் சாத்தியதோடு சரி.

வைகாசி கடைசியில் ஒரு பெண் திரௌபதியிடம் வழி கேட்டுத் தேடிக்கொண்டு வந்தாள். முப்பது வயசு இருக்கும். வெறும் நெற்றி. அவலூர்பேட்டை பக்கம், பெயர் வெள்ளையம்மாள் என்றாள். நேராகப் போரடிக்குப் போனாள். நகத்தால் நீலப் பெயிண்டைச் சுரண்டினாள். உள்ளே பச்சை.

"எங்க வூட்டுக்காரரு சைக்கிளுங்க. மூர்த்தினு பேரு. போன வருசம் இதுலதான் சுத்தினாரு."

"சுத்தி?"

"ஆறாம் நாளு காய்ச்சலு. எறங்கறேன்னாரு. இன்னும் மூணு சுத்து சுத்து, கலெக்‌ஷன் ஆவட்டும்னு அந்த ஆளு மைக்ல சொல்லிக்கினே இருந்தாராம். பாத்தவங்க சொன்னாங்க."

கலையரசன் ஹேண்டிலில் பெல் இல்லாத இடத்தைப் பார்த்தான்.

"தண்ணி வேணும்னா பெல்லடிப்பாருங்க, வாய் தொறக்க முடியாதில்ல. அன்னிக்கு ராவெல்லாம் அடிச்சாரு. சனம் ஒரு மாதிரி பேசுதுன்னு அந்த ஆளு பெல்ல கழட்டிட்டாரு."

"அப்புறம்?"

"வுழுந்தவர வேன்ல ஏத்தி, எங்கியோ பஸ் ஸ்டாண்டு பெஞ்சில போட்டுட்டாங்க. அநாதப் பொணம்னு முனிசிபாலிட்டிக்காரங்க எரிச்சிட்டாங்க. எனக்கு சேதி வந்தப்ப பத்து நாளு ஆயிட்டுது." அவள் அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "கொள்ளிக்குடம் தூக்க ஒரு ஆளு இல்ல. தண்ணி கொடத்த தோள்ல வெச்சி, அவர மூணு தரம் சுத்தி வந்து, திரும்பிப் பாக்காம ஒடைக்கணுமே. அதாங்க. அந்த மூணு சுத்து பாக்கி நின்னு போச்சு."

கலையரசன் சைக்கிளை வைக்கோல் போரிலிருந்து நிமிர்த்தினான்.

"இல்லம்மா," என்றான் கலையரசன். "பாக்கி இல்ல. தீந்துபோச்சு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். எப்படி என்று கேட்கவில்லை. "இந்த சைக்கிளுக்கு நீங்க எவ்ளோ குடுத்தீங்க?" என்றுதான் கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்கல. எட்துனு போங்க."

எண்ணூற்றைம்பது ரூபாய் அதோடு போயிற்று. யாரிடமும் அதை அவன் கேட்கவில்லை. அந்த வருஷம் ஒன்றரை ஏக்கரும் தரிசாகத்தான் கிடந்தது.

வெள்ளையம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கினாள். ஒரு கையால் சீட்டை மட்டும் பிடித்திருந்தாள். ஹேண்டிலை அவள் தொடவே இல்லை.

சைக்கிள் இடப்பக்கம் இழுக்கவில்லை. நேராகப் போனது.