பெயர் மாறிய மூச்சு

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு நுரையீரல் கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை செய்பவள் நான். நோயாளி குழாயில் ஊதினால், திரையில் இருக்கும் பெயருக்கு அளவு தானாகப் போய்விடும். எழுதுகிற வேலையே இல்லையென்று எனக்கு ஏக சந்தோஷம்.

அன்று ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணின் முறை. அடுத்திருந்தவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர்; அவர் இருமுவதைப் பார்த்து, "நீங்க முதல்ல போங்கண்ணே" என்று விட்டுக்கொடுத்தாள். நான் திரையில் பெயர்களின் வரிசையை மாற்ற மறந்துவிட்டேன். அவர் ஊதினார், அடுத்து அவள் ஊதினாள்.

இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோல் ஷாப்காரர் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார்.

"வேலைக்குப் போலாம்னு எழுதிட்டாங்க. அந்தச் சீட்டு வாங்கத்தான் இங்க வந்தேன். ஆனா மூணு படி ஏற முடியல எனக்கு. இது என் மூச்சு இல்லம்மா."

திரையில் இருந்த வரிசையைப் பார்த்தேன்; புரிந்தது. "மன்னிச்சிடுங்கண்ணே."

"என்னை உடு. என்னுது அந்தப் பொண்ணு பேர்ல போயிருக்கும். பயந்துடப் போவுது, ஓடு."

ஓடினேன். வாசலில் அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ அந்த அண்ணனுக்கா?" என்றாள்.

அவர் மறுபடி ஊத உட்கார்ந்தார். என்ன வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அன்றுதான் முதன்முறையாக, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பெயரைக் கேட்டேன்.