அம்மாவின் முதுகுக்காக மூன்று யோகா வகுப்புகள்: காஞ்சிபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை

அரையாண்டு விடுமுறையில் என் வகுப்புத் தோழிகள் ஊட்டி, ஏற்காடு என்று போய்வந்தார்கள். நான் போனது எங்கள் ஊரான தென்னேரியிலிருந்து இருபத்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் காஞ்சிபுரத்துக்கு. கோயில் பார்க்கவோ புடவை எடுக்கவோ போகவில்லை. அம்மாவுக்கு ஒரு யோகா வகுப்பு தேடிப் போனோம். யாராவது இதே வேலையாகக் கிளம்பினால் உதவும் என்று நேரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். கல்யாணப் புடவைப் பிரிவு. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்து அலமாரியிலிருந்து புடவையை எடுத்து, ஒரே வீச்சில் முந்தி முழுவதும் தெரியும்படி விரிக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை அதுதான். ஐப்பசியில் இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், யோகாவும் செய்யச் சொன்னார். தை மாதக் கூட்டம் வருவதற்குள் சரியாகவில்லை என்றால் அம்மாவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். சம்பளம் குறையாது. ஆனால் எந்தப் புடவை விரியும்போது மணப்பெண்ணின் கை தானாக நீளும் என்று முன்பே கண்டுபிடிப்பதில்தான் அம்மாவுக்கு அந்த வேலையின் ருசியே இருக்கிறது. அட்டைப் பெட்டி மடிப்பதில் அது கிடைக்காது.

யோகாவில் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “ஒரு நாள் வரேன். அன்னிக்கு எதுவும் சரிப்படலன்னா அப்புறம் என்ன தொந்தரவு பண்ணக்கூடாது” என்றார். அம்மாவின் வார விடுமுறை செவ்வாய். நான் நூலகத்தில் யோகா பற்றிய இரண்டு புத்தகங்களைப் படித்துவிட்டு, விசாரித்து மூன்று வகுப்புகளுக்கு நேரம் வாங்கினேன்.

காலை 5.40க்கு அப்பா எங்களை வண்டியில் வாலாஜாபாத்தில் விட்டார். அங்கிருந்து நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. 6.35க்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் முதல் வகுப்பு.

அது இரண்டாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி, ஊதுபத்தி மணம். ஒரு நாள் கட்டணம் தலைக்கு 150 ரூபாய், மாதம் 1,500. மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் சூரிய நமஸ்காரத்தை எங்கள் பள்ளி டிரில் வேகத்தில் செய்ய வைத்தார். மரம் போல ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்தில் நான் இரண்டு முறை விழுந்தேன் (புத்தகத்தில் படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது). அம்மாவைப் பார்த்தால் சிரித்த முகம். அதனால் மாஸ்டர், “சூப்பர்மா, இன்னும் கொஞ்சம் குனிங்க” என்று குனிய வைத்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்து முப்பத்து இரண்டு படிகள் இறங்க அம்மாவுக்கு ஐந்து நிமிடம் ஆனது. கைப்பிடியை விடவே இல்லை. கேட்டதற்கு, “நல்லாத்தான் இருந்தது” என்றார்.

இரண்டாவது வகுப்பு சின்ன காஞ்சிபுரத்தில். ஆட்டோ 80 ரூபாய். ஏறியதுமே ஓட்டுநர், எதற்கு அலைகிறீர்கள், ஒரு நல்ல பட்டுக் கடை இருக்கிறது, நேராக அங்கே கூட்டிப்போகிறேன், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஆரம்பித்தார். வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துவிட்டார். கடையின் பெயரைச் சொன்னார்.

“அந்தக் கடையிலதான்பா நான் வேல பாக்கறேன்” என்றார் அம்மா. “இன்னிக்கி லீவு. என்ன அங்க கொண்டுபோயி எறக்குனா உனக்கு கமிஷனும் வராது, எனக்கு லீவும் போயிடும்.”

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். “அதான பாத்தேன், எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்குதேன்னு. சரி, எங்கம்மா வந்தா கம்மி பண்ணிக் குடுப்பியா?” அப்புறம் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அந்த வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் 10.30க்கு நடந்தது. மாதம் 300 ரூபாய்தான். முப்பது பெண்கள் இருந்தார்கள், பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். பக்கத்தில் ஏதோ நிச்சயதார்த்தச் சமையல். மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் முப்பது பேரும் வடை வாசனையை இழுத்தோம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதிகாலையிலும் பெரியவர்களுக்கு வகுப்பு உண்டு என்று நான் கேள்விப்பட்டது தவறு, அது குழந்தைகளுக்கு மட்டும். காலை 9.30க்குக் கடையில் உட்கார வேண்டியவருக்கு 10.30 வகுப்பு எதற்கு? அம்மா இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். பாக்கி ஒன்று.

மதியம் சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் தலைக்கு 20 ரூபாய் கொடுத்துத் திருப்பருத்திக்குன்றம் போனோம். மூன்றாவது வகுப்பு மாலை ஐந்துக்கு என்பதால் முதலில் சமணர் கோயிலுக்குப் போனோம். கூரையில் இருக்கும் ஓவியங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். அம்மா மட்டும் தியானத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தங்கரரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தினி வருசமா இப்பிடி நிமிந்து உக்காந்துக்கினு இருக்காரு. ஆனா இவருக்கு பொடவ விரிக்கிற வேல இல்ல பாரு” என்றார்.

மூன்றாவது வகுப்பை நடத்தும் நந்தினி அக்காவுக்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். வீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்து ஆறு பேருக்குச் சொல்லித் தருகிறார். வந்தவர்களிடம் முதலில் வயதையோ நோயையோ கேட்பதில்லை. என்ன வேலை, எப்படி உட்கார்ந்து செய்வீர்கள் என்றுதான் கேட்கிறார். நெசவு செய்யும் முனுசாமி மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஆசனம் செய்துகொண்டிருந்தார். தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டே பழகியவருக்குச் சம்மணம் ஒத்துவரவில்லையாம்.

அம்மா முன்னால் குனிந்தார். அதே சிரித்த முகம். நந்தினி அக்கா கிட்டே வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, உங்க மூஞ்சி சிரிச்சிக்கினு இருக்குது. கால் வெரலு மட்டும் பாயப் புடிச்சிக்கினு இருக்குதே?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லமா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாடிக்கையாளர் எண்பது புடவை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தாலும் முகம் மாறக்கூடாது என்பது கடையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். கீழே உட்கார்ந்ததும் அம்மாவுக்கு அந்த முகம் தானாக வந்துவிடுகிறது. காலையில் மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தார். நானும்தான். நந்தினி அக்காவிடம் இதைச் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்து, “கடையில எப்பிடி விரிப்பீங்க, காட்டுங்க” என்றார். அம்மா வீசினார். போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல் முனுசாமி மாமாவின் காலடி வரை போய் விழுந்தது.

“முந்தி நல்லாருக்குதுமா, வெலயச் சொல்லு” என்றார் மாமா.

பத்து முறை விரிக்க வைத்தார் நந்தினி அக்கா. பத்து முறையும் அம்மா வலது பக்கம் திரும்பித்தான் எடுத்தார், வலது பக்கத்திலிருந்துதான் வீசினார். அலமாரி அந்தப் பக்கம். பதினோரு வருடமும் அந்தப் பக்கம். இப்போது இடது பக்கமாக ஒன்று என்றார் நந்தினி அக்கா. போர்வை நேராக முனுசாமி மாமாவின் தலையில் போய் விழுந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது கடைச் சிரிப்பு இல்லை, வீட்டுச் சிரிப்பு.

“இனிமே இங்க ஒரே ரூல்தான்கா. வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும்.” மறுபடி மெதுவாகக் குனியச் சொன்னார். பாதி தூரத்தில் அம்மா நின்றார்.

“வலிக்குதுமா” என்றார்.

மூன்று மாதத்தில் அந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, ஒரு தலையணை வைத்தார் நந்தினி அக்கா.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. நந்தினி அக்கா காலையிலும் வகுப்பு எடுக்கிறார், அம்மா வியாழன், சனி காலை 8 முதல் 9 வரை அங்கே போகிறார். மாதம் 600 ரூபாய். கடையில் எதிர் வரிசையில் இருக்கும் தோழியோடு இடம் மாற்றிக்கொண்டதால் அலமாரி இப்போது இடது பக்கம். முதல் மூன்று நாள் புடவைகள் வாடிக்கையாளர் மடியில் கோணலாக விழுந்தனவாம். தை முகூர்த்தங்கள் முழுவதும் அம்மா கல்யாணப் பிரிவில்தான் உட்கார்ந்தார். மேலாளர் பேக்கிங் பேச்சை எடுக்கவே இல்லை. வலி முழுதாகப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: வெறும் வயிற்றோடு போங்கள். மாதக் கட்டணம் கட்டும் முன் ஒரு நாள் செய்து பாருங்கள். உங்கள் வேலை நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று எங்கள் இருவருக்கும் சாப்பாடு சேர்த்து ஆன செலவு 640 ரூபாய். மூன்று வகுப்பையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், மறுநாள் என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை.

போன சனிக்கிழமை வகுப்பைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். பேருந்தில் நல்ல கூட்டம். மூன்று பேர் இருக்கையில் இரண்டு பெண்கள் பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அம்மா இப்படிப்பட்ட நேரத்தில் சிரித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நிற்பார். அன்று சிரிக்கவில்லை.

“எனக்கு முதுகு வலிக்குதுமா, கொஞ்சம் நவுந்து உக்காருங்க” என்றார்.

அவர்கள் உடனே நகர்ந்தார்கள். அம்மா உட்கார்ந்து, என் பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.