ஜப்பான் தங்கராஜ் ஏறிய ஸ்டேஷன்

செய்தி முதலில் சாவுச் செய்தியாக வரவில்லை. காலையில் பேச்சியம்மாள் போன் செய்தார். எங்கள் ஊர் ரயில்வே ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் கொடுப்பவர் அவர்.

"அண்ணாச்சி, விருதுநகர் வண்டி வந்துட்டுப் போயிருச்சு. ஜப்பான் அண்ணாச்சியைக் காணோம். வீட்டுப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

தங்கராஜ் ரயிலைத் தவறவிட்டார் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சட்டையை மாட்டுவதற்குள் அவர் மனைவி கிரேஸ் மதினியிடமிருந்து அடுத்த போன் வந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். எங்கள் ஹால்ட்டுக்கு நிரந்தரப் பயணி என்று ஒருவர்தான் இருந்தார். அவரும் போய்விட்டார்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்திருந்தார்கள், பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் ரயில் பயணிகள் நலச் சங்கத்துக்கு இத்தனை உறுப்பினர்கள் இருப்பது அதன் செயலாளரான எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பைக்குகளும் கார்களும் வேன்களும் சர்ச்சிலிருந்து ஸ்டேஷன் வாசல்வரை வரிசையாக நின்றன. ரயிலில் வந்தவர் ஒருவரும் இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே, "சங்கத்தின் சார்பாக நீங்கள் ஏதாவது எழுதவேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது மனு மட்டும். இதை எந்த அதிகாரிக்கு முகவரியிடுவது என்று தெரியாததால், அவரை அறிந்த உங்களுக்கே எழுதுகிறேன்.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்வார்கள். இதுபற்றி ஜப்பானிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெரிய ஜப்பானை நேரில் பார்த்தவர் எங்கள் ஊரில் தங்கராஜ் ஒருவர்தான். அவர் சிவகாசி அச்சகம் ஒன்றில் மெஷின் போர்மேன். நான் அதே அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்துகிறவன். நாளை என்பது எப்படியும் வந்தே தீரும் என்று நம்பிச் சம்பளம் வாங்கியவன். முதலாளி ஜப்பானிலிருந்து ஒரு ஆப்செட் மெஷின் வாங்கினார். அதை ஓட்டப் பழகுவதற்குத் தங்கராஜை அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் எல்லோரும் மெஷினைப் பற்றிக் கேட்டோம். அவர் ரயிலைப் பற்றிப் பேசினார்.

அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்த மோரி என்ற பொறியாளர் ஒரு விடுமுறை நாளில் தன் சொந்த ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறார். மலைக்குள் போகும் சிறிய ரயில் பாதை அது.

"ஒரே ஒரு பெட்டி, அண்ணாச்சி. நம்ம மினி பஸ்ஸைத் தூக்கித் தண்டவாளத்துல வச்ச மாதிரி. டிரைவரேதான் கண்டக்டரு. உள்ள நாங்க ரெண்டு பேரு, யூனிபார்ம் போட்ட பிள்ளை ஒண்ணு, முட்டைக்கோஸோட ஒரு பெரியம்மா. அம்புட்டுதான். ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் டிரைவரு வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, சிக்னலைக் காமிச்சு, வாய்விட்டுச் சொல்றாரு. பிளாட்பாரத்துல ஒரு ஈ காக்கா கிடையாது."

"அப்புறம் யாருக்கு அண்ணாச்சி சொல்றாரு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஆள் இல்லேன்னா சிக்னல் இல்லேன்னு ஆயிருமான்னு மோரி திருப்பிக் கேக்காரு."

எங்களில் யார் மூத்தவர் என்று நாங்கள் விசாரித்துக்கொண்டதில்லை. இருவருமே ஒருவரை ஒருவர் அண்ணாச்சி என்று அழைத்து, அந்தப் பிரச்சினையைத் தவிர்த்துவிட்டோம்.

அந்த மலைப் பாதையில் ஆள் குறைந்துகொண்டே வந்ததாம். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் கார் வாங்கிவிட்டார்கள். ரயில் கம்பெனி பாதையை மூடப்போவதாகச் சொன்னதும் ஊர்க்காரர்கள் முறைவைத்து ஏறினார்களாம், வேலை இருக்கிறதோ இல்லையோ. இன்னொரு பக்கத்தில் ஒரு கம்பெனி ரயில் ஓட்டி நஷ்டப்பட்டு, அரிசியில் செய்த தின்பண்டம் விற்று அந்த வருமானத்தில் ரயிலை ஓட்டுகிறது என்றும் மோரி சொல்லியிருக்கிறார். நாமும் ஹால்ட்டில் சாத்தூர்க் காராச்சேவு விற்கலாமே என்று தங்கராஜ் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்குற சேவுல பாதிய இவுகளே தின்னுருவாக. அப்புறம் எங்கிட்டுப் போயி ரயில் விட?" என்பது கிரேஸ் மதினியின் நிலைப்பாடு.

இவையெல்லாம் எங்களுக்கு வெளிநாட்டுக் கதைகளாக இருந்தன. பிறகு கொரோனா வந்தது. ரயில்கள் நின்றன. மறுபடி ஓட ஆரம்பித்தபோது மற்ற ஊர்களில் நின்ற வண்டி எங்கள் ஹால்ட்டைத் தாண்டிப் போனது. விசாரித்தோம். போதிய பயணிகள் இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். பெண்கள் பட்டாசு ஆலைகளுக்குப் போவது கம்பெனி வேனில். வேன் அச்சங்குளத்தில் ஆலை வாசலிலேயே இறக்கிவிடும். ஆண்களிடம் பைக் இருந்தது. ரயில் நிற்கவேண்டும் என்ற ஆசை எல்லோரிடமும் இருந்தது. ஏறவேண்டும் என்ற ஆசை யாரிடமும் இல்லை. சங்கம் ஆரம்பித்தோம். நான் மனு எழுதினேன். மனுவுக்குப் பதிலாக, வண்டியைச் சோதனை அடிப்படையில் சில மாதம் உங்கள் ஹால்ட்டில் நிற்கவிட்டுப் பார்ப்போம், டிக்கெட் விற்பனையைப் பார்த்து முடிவெடுப்போம் என்றார்கள்.

அப்போதுதான் தங்கராஜ் ஊர்க் கூட்டத்தில் எழுந்து ஜப்பான் கதையை முழுசாகச் சொன்னார். ஊர் உருக்கமாகக் கேட்டது. நாட்டாமை எழுந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கோயில் கொடைக்கு எப்படியோ அப்படி. தலைக்கட்டுக்கு வாரம் ஒரு டிக்கெட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தலைக்கட்டு வரி எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவது. அதைக் கொடுக்காதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. எனவே ஊர் அந்த முடிவை அப்படியே நிறைவேற்றியது. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போய்ப் பேச்சியம்மாளிடம் விருதுநகருக்கு டிக்கெட் வாங்கினார்கள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்தின் இடுக்கில் செருகிவைத்தார்கள். வரி கொடுத்தவன் கொடைத் திருவிழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று எங்கள் ஊரில் சட்டமில்லை. ரயிலுக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். தங்கராஜ் மட்டும் ஏறினார். அவர் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் அவருக்கு மண்டையிடி என்று நினைத்தார்கள்.

இவ்வளவு டிக்கெட் விற்றும் பெட்டி காலியாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒருநாள் ஓர் அதிகாரி சொல்லாமல் வந்து பிளாட்பாரத்தில் நின்றார். பேச்சியம்மாள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்பது அவர் எண்ணம். நானும் தங்கராஜும் அங்கே இருந்தோம். டிக்கெட் வாங்கித் திரும்பிய மாரியம்மாளை அவர் நிறுத்தினார்.

"எங்கம்மா போறீங்க?"

"வீட்டுக்குத்தான்யா."

"கையில விருதுநகர் டிக்கெட் இருக்கே?"

"ஆமா, இந்த வாரத்து வரி. கட்டியாச்சு. வேணும்னா பேச்சியக் கேளுங்க."

"வரியா? ரயில் வந்தா ஏற மாட்டீங்களா?"

"நான் எதுக்குய்யா ஏற? விருதுநகர்ல எனக்கு யாரு இருக்கா?"

பேச்சியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். தங்கராஜ் முன்னால் வந்து, அந்த மலை ரயில், முட்டைக்கோஸ் பெரியம்மா, முறைவைத்து ஏறிய ஊர் எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொன்னார். வண்டி வந்து நின்றது. இறங்க யாரும் இல்லை. தங்கராஜ் பேச்சைப் பாதியில் விட்டு ஏறிக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்து, "இவர் மட்டும்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்ன எழுதினாரோ தெரியாது. பேச்சியம்மாளின் மீது நடவடிக்கை இல்லை. சோதனைக்காலம் மட்டும் நீட்டிக்கப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் ஹால்ட் சோதனை அடிப்படையிலேயே உயிரோடு இருக்கிறது. மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறோம் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கராஜ் ஓய்வு பெற்றபின் ஒரு காலண்டர் சீசனில் மெஷின் படுத்துவிட்டது. பழுது பார்க்க மோரியே வந்தார், தலை முழுதும் நரைத்து. முதலாளி தங்கராஜைக் கூப்பிட்டனுப்பினார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் மோரியிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முதலில் கேட்டது அந்த ரயிலைப் பற்றித்தான். மோரி கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். மூடிவிட்டார்கள். போனில் ஒரு வீடியோவும் காட்டினார். கடைசி நாள் வண்டி. பாதையின் இரண்டு பக்கமும் கேமராவோடு ஜனம். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. கொடி அசைக்கிறார்கள், அழுகிறார்கள்.

தங்கராஜ் அதை இரண்டு தடவை பார்த்தார். என்னிடம் வந்து சொன்னார்: "இதுல பாதிப் பேரு சும்மா ஒரு நாள்ல ஏறியிருந்தா, கடைசி நாளே வந்திருக்காது அண்ணாச்சி." கொஞ்சம் கழித்து, "இப்ப பஸ் விட்டிருக்காகளாம். நல்ல பஸ்ஸாம்" என்றார். அவர் அவ்வளவு சோர்ந்து நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரர்களால் முடியாததை நாம் என்ன செய்துவிடப் போகிறோம் என்று ஆறுதலாகச் சொன்னேன். அது ஆறுதல் இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. மறுநாள் காலை ஹால்ட்டில் நின்றார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் போனது. விருதுநகரில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கார் வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். அவர் கேட்கவில்லை.

"உங்க மனு செய்யாததை என் கிட்னி செஞ்சிருச்சு பாத்தீகளா? போக வர, வாரத்துக்கு எத்தனை டிக்கெட்டு!"

இதை அவர் வேடிக்கைக்குச் சொன்னாலும், காரணம் வேறொன்றும் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவரால் உட்கார முடியாது. பஸ்ஸில் படுக்க முடியாது. காரில் குலுக்கல் தாங்காது. ரயில் பெட்டி காலியாக இருக்கும். நீள இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். ஒருமுறை அவரைக் கூட்டிவர நானும் போயிருந்தேன். கண்ணை மூடியபடி படுத்திருந்தவர், "கூட்டம் இருந்தா வண்டி நிக்கும், நான் படுக்க முடியாது. கூட்டம் இல்லேன்னா நான் படுக்கலாம், வண்டி நிக்காது. எதை வேண்டிக்கிறதுன்னே தெரியலை அண்ணாச்சி" என்றார். கடைசி மாதங்களில் அவருக்காகவாவது வண்டி நிற்கவேண்டுமே என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. நின்றது. ஒவ்வொரு முறையும் பெட்டி வாசலின் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்குவார். கார்டு அவர் இறங்கி முடிக்கும்வரை பச்சைக்கொடி காட்டமாட்டார்.

இப்போது சோதனைக்காலம் மறுபடி முடியப்போகிறது. அடுத்த மனுவை நான்தான் எழுதவேண்டும். பயணிகள் நிலவரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். தங்கராஜின் நம்பிக்கையை நான் வைத்துக்கொண்டேன் என்று இந்த மாதிரிக் கட்டுரைகளில் எழுதுவது வழக்கம். அந்த நம்பிக்கை அவரிடம் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். அந்த வீடியோவைப் பார்த்தபிறகு நம்பிக்கொண்டிருக்க அவர் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனாலும் வண்டி வந்தால் ஏறினார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதை மட்டும்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஹால்ட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்தார். கார்டு எட்டிப் பார்த்து, "ஐயா வரலையா?" என்றார். இனி வரமாட்டார் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, "நீங்க ஏறுங்க" என்றார். ஏறினேன். பெட்டியில் வேறு யாரும் இல்லை.

விருதுநகரில் எனக்கு எந்த வேலையும் கிடையாது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன். டீ நன்றாக இல்லை. நாளைக்கும் போகவேண்டும்.