புண் இல்லாத நெறி

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, என் கழுத்துக் கட்டியில் நான் பூசிக்கொண்டு போயிருந்த மஞ்சள் சுண்ணாம்பைப் பஞ்சால் துடைத்தார். அந்த வாசனையில் என் அண்ணன் கண்முன் வந்து நின்றான்.

கல்வராயன் மலையில் நாங்கள் சிறுசுகளாய் இருந்தபோது அவன் கழுத்திலும் இப்படித்தான் நெறி கட்டி வீங்கியது. புண் இருந்தால்தான் நெறி கட்டும் என்பார்கள். அம்மா அவன் தலைமயிரைப் பிரித்துப் பிரித்துப் புண்ணைத் தேடினாள்.

"எங்கடா ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கற?"

"வலிக்கவே இல்லம்மா, வுடு. பேன் கெடைச்சா சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். அடுத்த சாமை அறுப்புக்கு அவன் இல்லை.

"வலிக்குதா ஆயா?" டாக்டரம்மா என் கட்டியை அழுத்திப் பார்த்தார்.

"இல்லீங்க."

"வலிக்காத கட்டியத்தான் வுடக்கூடாது. கொஞ்சம் அறுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். புத்துநோயா இருந்தாலும் மருந்து இருக்கு."

நான் கழுத்தை நீட்டினேன். அண்ணனுக்கு வலித்திருந்தால், தூளி கட்டித் தூக்கியாவது ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கியிருப்போம்.