மாஜிதா டீச்சர் வாங்கிய கைடு

வாழை இலையில் வைத்த ஆட்டு இரைப்பையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே தள்ளிவிட்டு, மாஜிதா டீச்சர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொள்கிறார். கசாப்புக் கடை ஜமால் முகமது காலையிலேயே நன்றாகக் கழுவிக் கொடுத்ததுதான். இருந்தாலும் வாடை வரத்தான் செய்கிறது. நாலைந்து பேர் மூக்கைப் பொத்துகிறார்கள். "மூக்கப் பொத்துனா பரவால்ல, கண்ணப் பொத்தாதீக. உள்ள எத்தன அறை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க." ஒருவன் மூன்று என்கிறான், ஒருத்தி நான்கு என்கிறாள். சண்டை மூள்கிறது. டீச்சர் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. அசைபோடும் விலங்குகள் பற்றிய பாடத்தை நாளைக்குத்தான் திறப்பார்.

"புத்தகம் எங்க ஓடியா போயிரும்?" என்பார், கேட்டால்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகும் சாலையில், பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை மூன்றாகத் தடுத்து இந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் மட்டும். எதிர் வீட்டில் குடியிருப்பதால் சன்னலைத் திறந்தால் எனக்கும் பாடம் நடக்கும். அரசாங்கப் பாடத்திட்டம்தான், ஆனால் டீச்சர் கைக்கு வந்ததும் அது தலைகீழாகிவிடும். ஆறாம் வகுப்புக்குத் தெருதான் பாடம்: சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது. ஏழாம் வகுப்புக்கு ஊர். உலகத்தை எட்டாம் வகுப்பில்தான் கண்ணில் காட்டுவார். ரேங்க் என்ற பேச்சே கிடையாது.

எந்தப் பதிலை எழுதினாலும், அதன் அடியில் 'பார்த்தேன்', 'கேட்டேன்', 'படித்தேன்' என்ற மூன்றில் ஒன்றை எழுதியாக வேண்டும். இதில் மட்டும் டீச்சர் விட்டுக்கொடுக்க மாட்டார். இந்த வியாதி வீடுகளுக்கும் பரவிவிட்டது. மலையடிச் செண்பகத்தோப்பில் தன் தாத்தா சிறுத்தையை விரட்டிய கதையைச் சோறு தின்னும்போது மகனிடம் அளந்திருக்கிறார் டீக்கடைக் கண்ணுச்சாமி. "அந்தப் பய, நீங்க பாத்தீகளா, கேட்டீகளாங்கான். பொறவு எனக்குச் சோறு எறங்குமா?" என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

டீச்சருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு. கண்ணாடியின் உடைந்த காலுக்கு நூல் சுற்றியிருக்கிறார். தலையில் போட்ட முக்காடு பேச்சின் வேகத்தில் நழுவும். பேச்சை நிறுத்தாமலே இழுத்துவிட்டுக்கொள்வார். அரசுப் பள்ளி வேலையை உதறிவிட்டு வந்தவர் என்பதால் சொந்தக்காரர்களுக்கே அவர் மேல் கோபம் தீரவில்லை. அவருக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கைடு. பையில் வைத்திருந்த பிள்ளை மாட்டினால் தொலைந்தது. "அடுத்தவன் மென்ன சோத்த எதுக்குட்டி திங்க?" என்று பிடுங்கி, கயிற்றால் கட்டி, முழுப்பரீட்சை முடிந்த பிறகுதான் கொடுப்பார்.

1989 ஜூனில், எட்டாம் வகுப்பு முடித்த குருவம்மாளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா மாரிசாமி வந்தார். மம்சாபுரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு வைத்துப் பருத்தி போடுகிறவர். ராஜபாளையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள் பெண். பருத்தி எந்த மண்ணில் விளையும் என்ற கேள்விக்கு, புத்தகத்தில் உள்ள கரிசலை விட்டுவிட்டு, 'எங்கள் காட்டில் செம்மண்ணில் விளைகிறது. பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறாள். இமயமலையின் சிறப்புகளைக் கேட்டதற்கு நாலு வரி எழுதி, அடியில் 'படித்தேன். நான் பார்த்தது செண்பகத்தோப்பு மலை மட்டும்' என்று முடித்திருக்கிறாள். தாள் முழுக்க இப்படியே. திமிர் பிடித்த பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஒங்களக் குத்தம் சொல்ல வரல டீச்சர்," என்றார் மாரிசாமி. "ஆனா வயசுப் பிள்ளைய வீட்டுல சும்மா வச்சிருக்க முடியாது. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுத தறிக்கு ஆள் எடுக்காக. அனுப்பிருதேன்."

"நா பொய்யா ஒண்ணும் எழுதல டீச்சர்" என்றாள் குருவம்மாள். "எனக்குப் படிக்கணும்."

நழுவிய முக்காட்டை மாஜிதா டீச்சர் இழுத்துவிட்டுக்கொள்ளாததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் இருவரையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. "எழுதுனது தப்புன்னு சொல்லலம்மா. இப்படி எழுதுனா பத்தாம் வகுப்புல யாரு மார்க் போடுவா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தடவை எழுத அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் டீச்சர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, எட்டாம் வகுப்பு கைடு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. கடையில என்னய எல்லாருக்கும் தெரியும்." சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கும்படி இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருவம்மாளுக்கு இடம் கிடைத்தது; தினமும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறிப் போய் வருகிறாள். ஆனால் மாஜிதா டீச்சரை நினைத்தால் என் கண்ணில் வருவது, தேர்வுக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான்.

குடை இரவல் கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வெளியிலிருந்து சன்னல் வழியே பார்த்தால், எட்டாம் வகுப்பு அறையில் அவர்கள் இருவர் மட்டும். கைடு டீச்சர் மடியில் விரிந்திருந்தது. குருவம்மாள் கண்ணை மூடி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, மழை எவ்வாறு உண்டாகிறது என்ற பதிலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலே சென்று, குளிர்ந்து..."

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. வாசல் வழியே வந்த ஈரக்காற்று கைடின் தாள்களைப் புரட்டியது. குருவம்மாள் கண்ணைத் திறந்தாள். சொல் நின்றுவிட்டது. மண்வாசனையை இழுத்து மூச்சு விட்டு, பாதி எழுந்தும் விட்டாள். வேறு நாளாக இருந்தால் பிள்ளைகளை முந்திக்கொண்டு டீச்சரே முற்றத்து மழையில் போய் நின்றிருப்பார்.

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கதவை விட்டு நகராமல் அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "குளிர்ந்து... பொறவு என்ன? சொல்லுட்டி" என்றார்.