கல்யாணக் காருக்கு ஒரு வேன் என்ஜின்

எங்கள் காருக்கு என்ஜின் மாற்றிய கதையை இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்பவன்மேல் இல்லை. நைனாமேல், பாவாமேல், மெக்கானிக் ஷெட் மேஸ்திரிமேல். எல்லாரையும்விட அதிகமாக என்மேல்.

நைனா, அதாவது என் அப்பா, சென்னையில் ஒரு மில் முதலாளி வீட்டில் இருபது வருடம் டிரைவராக இருந்தார். அவர்கள் புது வண்டி வாங்கியபோது பழையதை இவருக்கே கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கார். நல்ல நீளம். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே பலகை, மூன்று பேர் உட்காரலாம். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். நைனா அதை ஓட்டிக்கொண்டு திருத்தணிக்குத் திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

எங்கள் பிழைப்பு முகூர்த்த நாளை நம்பித்தான். மலைமேல் கோயிலில் தாலி கட்டுவார்கள், கீழே மண்டபத்தில் சாப்பாடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேலேயிருந்து கீழே கொண்டுவர எங்கள் காரைத்தான் கேட்பார்கள். இரண்டு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் ஏறுவார்கள். நல்ல முகூர்த்தமாக இருந்தால் காலையிலேயே ஐந்து நடை. மலைச் சாலையில் போக முடியாவிட்டால் அந்தக் கார் எங்களுக்கு எதற்கும் உதவாது. காயலாங்கடைக்குத்தான் போகும். நான் வேறு எவன் வண்டிக்காவது டிரைவராகப் போக வேண்டும். இதுதான் நிலைமை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம் என்ஜின் போய்விட்டது. தண்ணீர் கொதித்து, மேஸ்திரி பிரித்துப் பார்த்தால் உள்ளே விரிசல். ஒட்டுப்போட முடியாது என்றார். அடுத்தது ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஒரு மாதம் கையில் இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அதற்குள் வண்டி தயாராக வேண்டும்.

எந்த என்ஜின் என்பதில் பத்து நாள் போனது. அந்தப் பத்து நாள் பேச்சை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

முதலாவது, அதே கம்பெனி பெட்ரோல் என்ஜின். சென்னையில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒன்று இருந்தது. கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது, ஒரு போல்ட்டும் மாற்ற வேண்டாம். நைனாவுக்கு அதில்தான் ஆசை. ஆனால் அது லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் என்ஜின். விற்கிறவனும் அதைக் கழற்றிய வண்டி எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றான். இரண்டாவது, நம் ஊர்க் காரில் வருகிற சின்ன டீசல். சுலபமாக உள்ளே உட்காரும், கனமும் இல்லை. இந்த உடம்பை அது இழுக்காது என்று மேஸ்திரி சொன்னார். ஒன்பது பேரோடு இரண்டாவது வளைவிலேயே நின்று மூச்சு வாங்கும் என்றார். மூன்றாவதைக் கொண்டுவந்தவர் பாவா.

பாவா என் அக்காவைக் கட்டியவர். புத்தூர்க்காரர், லாரி ஓட்டுகிறவர். ஆந்திராப் பக்கம் விபத்தில் பின்பாதி நசுங்கிய ஒரு வேன் கிடக்கிறது, முன்னால் இருக்கிற டீசல் என்ஜினில் கீறல்கூட இல்லை, கியர்பாக்ஸோடு சேர்த்துத் தருகிறார்கள் என்றார். அந்த வேன் திருப்பதி மலைக்கே ஆள் ஏற்றிப்போன வண்டி என்பதை மூன்று முறை சொன்னார். நைனா எதற்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“நம்ப மலை ஏறுமா?”

“இன்னா நைனா இப்டி கேக்கற. ஒம்போது பேர வெச்சிகினு, மேல ரெண்டு மூட்ட அரிசியும் போட்டு ஏறும்.”

நைனா இன்னொரு நிபந்தனை போட்டார். பானெட்டை வெட்டக் கூடாது. வெட்டி மேலே ஒரு மேடு எழுப்பினால் அது கார் இல்லை, தண்ணி லாரி என்றார்.

மேஸ்திரியிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். என்ஜினை வாங்கும் முன் பெட்டி மரச் சட்டங்களை ஆணி அடித்து, அந்த என்ஜின் அளவுக்கே ஒரு கூண்டு செய்வார். நீளம், உயரம், பக்கத்தில் எங்கெங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு குச்சி. அந்தக் கூண்டைக் காருக்குள் இறக்கிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். பாவாவும் நானும் ஆந்திராவுக்குப் போய் டேப் வைத்து அளந்துகொண்டு வந்தோம். கூண்டு இறங்கியது. பானெட் மூடியது. ஒரே ஒரு இடத்தில், ஸ்டியரிங் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு குச்சி இடித்தது. அது டைனமோ. வேனின் டைனமோவுக்குப் பின்னால் கொம்மை மாதிரி உருண்டையாகப் புடைத்துக்கொண்டு கூடுதலாக ஒன்று இருந்தது. அதுதான் இடித்தது.

மேஸ்திரி அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போட்டார். வேன் டைனமோ வேண்டாம், உங்கள் பழைய டைனமோ நன்றாகத்தானே இருக்கிறது, அதையே மாட்டிவிடலாம் என்றார். எங்களுக்குச் சந்தோஷம். பாவா அதை அங்கேயே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கொம்மை எதற்கு என்று நாலு பேரில் ஒருவனும் கேட்கவில்லை.

ஆடி முழுக்க ஷெட்டிலேயே கிடந்தேன். புது என்ஜின் கனம், முன்பக்கம் அமுங்கியது, ஸ்பிரிங்குக்கு ரப்பர் வைத்தோம். பின்னால் போகிற நீள ராடை வெட்டி ஒட்டினோம். பிரேக்குக்கும் புது லைனிங் போட்டோம். கியர் கம்பி ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் நடுவில் உட்கார இனி இடமில்லை என்று நைனா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். பிரேக் பக்கத்திலிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய என்ஜினில் அது எங்கேயோ சொருகியிருந்தது. புது என்ஜினில் அதற்கு வாய் இல்லை. தூசி போகக் கூடாது என்று ஒரு போல்ட்டை உள்ளே தள்ளி, கிளிப் போட்டு இறுக்கி, ஓரமாகக் கட்டிவிட்டேன். நல்ல வேலை செய்தோம் என்று நினைத்தேன். மேஸ்திரி வந்தார், பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் மலைச் சாலையில் ஆள் நடக்கவே இடம் கிடையாது, காரை எங்கே விடுவது? அதுவும் இல்லாமல் எங்கள் வீட்டில், எங்கள் ஊரிலேயே, ஒரு பழக்கம். புது வண்டி முதலில் மலைக்குத்தான் போக வேண்டும். பூஜை போடாமல் வேறு எங்கும் எடுக்கக் கூடாது. என்ஜின் புதுசு என்றால் வண்டியே புதுசு என்று அம்மா சொல்லிவிட்டாள். ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்கு, வீட்டிலிருந்து நேராக மலைக்கு.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் காலையில் கிளம்பினோம். முன்னால் நைனா. பின்னால் அம்மா, அக்கா, பாவா. ஷெட்டிலிருந்து எடுத்தபோதே பிரேக் கட்டையாக இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். புது லைனிங், ரெண்டு நாள் ஓடினால் படிந்துவிடும் என்றார். நானும் நம்பினேன்.

ஏறியது. அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது கியரிலேயே பாதி மலை ஏறியது. நைனா முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் பாவா ஒவ்வொரு வளைவிலும், “இன்னா நைனா, ஏறுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நைனா கடைசி வளைவில்தான், “ஆங், ஏறுது ஏறுது,” என்றார். மேலே பூசாரி கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

பெட்ரோல் என்ஜின் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிடுவோம். எண்ணெய் மிச்சம். அத்தனை வருடமும் பிரேக்கிலேயே இறங்கியவன் நான். அன்றைக்கும் அதே பழக்கத்தில் நியூட்ரலில் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பாறாங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலையும் வைத்து, சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தேன். வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து மறுபடி ஏறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், கருகல் வாசனைதான் வந்தது. கியரில் போடலாம் என்று கை போனது. எங்கே போனது தெரியுமா? ஸ்டியரிங்குக்குக் கீழே. அங்கே கியர் இல்லை. வெறும் காற்றைப் பிடித்தேன். அந்த ஒரு நொடியை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

அப்புறம் தரையில் தேடி இரண்டாவது கியரில் அடித்துத் திணித்தேன். என்ஜின் கத்தியது. வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி பிடித்துக்கொண்டது. இடதுபக்கம் சுவரில் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. எதிரில் மேலே வருகிற பஸ், பத்தடி தூரத்தில்.

நைனா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“பிரேக் இல்லியா?”

“கீது நைனா. அமுங்கல.”

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பின்கதவைத் திறந்து அம்மாவையும் அக்காவையும் இறக்கினார். அம்மா கையில் இன்னும் பிரசாதம் இருந்தது. “நாங்க நடந்து போறோம். நீ மொத கியர்ல வுட்டு மெதுவா இட்டுகினு வா,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று பேரும் ஓரமாக நடந்து போனார்கள். நைனா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாவா போகவில்லை. ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். வண்டி ஓடினால் அடியில் போடுவாராம். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னாபா, காரை மேய்ச்சிகினு போறீங்களா?” என்றான். பஸ்ஸே சிரித்தது. பாவா கல்லைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஷெட்டுக்குப் போய் மேஸ்திரியைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். அவர் பானெட்டைத் தூக்கிக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தக் குழாயைக் கையில் எடுத்தார்.

“இத யாரு அடைச்சது?”

“நான்தான்.”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் விளங்கியது. பெரிய காரில் பிரேக்கைக் கால் மட்டும் அமுக்குவதில்லை. பெட்ரோல் என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தக் குழாய் வழியாகவும் இழுக்கும், அந்த இழுப்புதான் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அமுக்குகிறது. டீசல் அப்படி இழுக்காது. அதனால்தான் வேனில் அந்த இழுப்புக்கென்றே டைனமோவுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொம்மை அதுதான். பிரேக்குக்கு உயிர் கொடுக்கிற சாமானை இடிக்கிறது என்று விட்டுவிட்டு வந்தோம். மேஸ்திரி பாதி வாழ்க்கை லாரியில் வேலை செய்தவர், மீதி பெட்ரோல் காரில். இரண்டையும் ஒன்றாக அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் ஒரு குழாய் சும்மா தொங்குகிறதே என்று கேட்டிருக்கலாம். போல்ட் அடித்தேன். நைனா, பாவா, மேஸ்திரி, நான், எல்லாரும் ஒரு மாதம் முழுக்க ஏறுமா ஏறுமா என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். மலை என்றால் எங்களுக்கு ஏறுவதுதான். இறங்குவதை ஒருவனும் நினைக்கவில்லை.

முகூர்த்தம் போய்விட்டது. பள்ளிப்பட்டுக்காரர் வேறு கார் பிடித்துக்கொண்டார். பாவா மறுபடி ஆந்திராவுக்குப் போய் அந்த டைனமோவைக் கெஞ்சி வாங்கி வந்தார். ஸ்டியரிங் பக்கம் இடம் இல்லாததால் என்ஜினுக்கு மறுபக்கம் தாங்கி செய்து, பெல்ட் நீளத்தை மாற்றி, ஒரு வாரம் ஆனது. மேஸ்திரி கூலி கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்புறம் சோதனை நடைக்கு யாரையும் ஏற்ற மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். எட்டு மூட்டை அரிசியைக் கடையில் இரவல் வாங்கி ஏற்றினேன். பின்னால் ஏழு, முன்சீட்டில் ஒன்று. தனியாகப் போய் இறங்கிப் பார்ப்பதாகத் திட்டம். கிளம்பும்போது நைனா வந்தார். முன்சீட்டு மூட்டையை அந்தப் பிடித்த தோளோடு இழுத்துக் கீழே தள்ளினார். அங்கே உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தினார்.

“வாணாம் நைனா.”

“ஓட்டுடா.”

இறங்கினோம். பிரேக் அமுங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திக் காட்டினேன். அவர் சுவரில் எங்கள் பெயிண்ட் தேய்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கீழே வந்ததும், இந்த மூட்டையையெல்லாம் கடைக்கு யார் தூக்கிக்கொண்டு போவது என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு அந்தக் கார் பத்து வருடத்துக்குமேல் ஓடியது. எத்தனை ஜோடியை இறக்கினேன் என்று கணக்கு இல்லை. நியூட்ரலில் ஒரு நாளும் விடவில்லை. நைனா போன பிறகு, பெரிய வேன்களும் ஏசி கார்களும் வந்த பிறகு, கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. கனகம்மாசத்திரம் பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர், வாசலில் அழகுக்கு நிறுத்துவதற்கென்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

சாவி கொடுக்கும்போது அவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன். என்ஜினை நிறுத்தி வைத்து நாலு தடவை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். கட்டையாக இருக்கிறதே என்றார். காலை எடுக்காமல் இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றேன். பண்ணினார். பம்ப் இழுக்க, பெடல் அவர் காலுக்குக் கீழே மெதுவாக இறங்கியது. தினமும் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்றேன். வண்டியை நான் ஓட்டப்போவதே இல்லையே என்று சிரித்தார். பரவாயில்லை, செய்யுங்கள் என்றேன்.